உறவின் வழியே உளநலம்

தேக்காவில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், கணவர் மறைந்தபின் புக்கிட் பாத்தோக்கிலுள்ள மகன் வீட்டிற்குக் குடிபெயர்கிறார் எனக் கொள்வோம். நாள்தோறும் நலம் கேட்ட பூக்கடைக்காரரும் கோயில் தோழியரும் இப்போது அருகில் இல்லை. மகனும் மருமகளும் பணி முடிந்து இரவில்தான் திரும்புவர். சில மாதங்களில் அவருக்கு உறக்கம் கெடுகிறது. உணவில் நாட்டம் குறைகிறது. 'நெஞ்சு கனக்கிறது' என்கிறார். இதயப் பரிசோதனையில் குறையேதும் தெரியவில்லை.

இந்நிலைக்கு மனச்சோர்வு என்று பெயர். இதனையும் அன்றாட நெருக்கடியால் வரும் பதற்றத்தையும் 'மன அழுத்தம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நோயைச் சிறிதாக்கிக் காட்டிவிடுகிறது.

மனச்சோர்வுக்கான சிகிச்சைகளுள் ஒன்று உறவுநிலை உளச்சிகிச்சை. ஜெரால்டு கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1969 முதல் அமெரிக்காவில் இதனை உருவாக்கினர். 1984இல் இதன் கையேடு நூலாக வெளிவந்தது. வழக்கமாக வாரம் ஒன்றாக 12 முதல் 16 அமர்வுகளில் இது நிறைவுறும். மனச்சோர்வுக்கு உறவே காரணம் என இம்முறை கூறுவதில்லை. மரபும் உடலும் காரணமாகலாம். ஆயினும் நோய் தோன்றிய வேளையில் உறவுகளில் என்ன நிகழ்ந்தது என்று ஆராய்கிறது. இழப்பின் துயர், உறவுப் பிணக்கு, வாழ்நிலை மாற்றம், தனிமை ஆகிய நான்கனுள் ஒன்றோ இரண்டோ சிகிச்சையின் மையமாகும். நம் மூதாட்டிக்கு முதலாவதும் மூன்றாவதும் பொருந்தும்.

தொடக்கத்திலேயே, 'இது சோம்பலன்று, நோய். குணமாகக் கூடியது' என்று சிகிச்சையாளர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். குற்றவுணர்வின் சுமை பாதி அங்கேயே இறங்கும்.

பின்னர் உரையாடலை ஆராய்கின்றனர். "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று மகன் கேட்கிறார். "எனக்கு ஒண்ணும் வேணாம்பா" என்கிறார் தாய். பசியில்லை எனக் கருதி மகன் அறைக்குச் சென்றுவிடுகிறார். 'சற்று நேரம் என்னோடு உட்கார்' என்பதே தாய் சொல்ல விரும்பியது. நீங்கள் சொன்ன சொற்கள் யாவை, அவர் என்ன புரிந்துகொண்டிருப்பார், வேறு எவ்வாறு சொல்லலாம் என ஒவ்வொன்றாகக் கேட்டு, புதிய முறையில் பேசிப் பழகவும் செய்கின்றனர். வேண்டாம் என்று சொல்லி வேண்டுவது நம் வீடுகளில் புதிதன்று.

தாய்மொழியின் இடம் இதனால் பெரிதாகிறது. தென்மேற்கு உகாண்டாவின் 30 சிற்றூர்களில் நடைபெற்று 2003இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. ஆய்வாளர்கள் மக்கள் தம் துயருக்கு இட்டிருந்த பெயர்களை முதலில் கேட்டறிந்தனர். பின்னர், பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே 16 வாரம் குழு அமர்வுகளை நடத்தினர். முடிவில், சிகிச்சை பெற்றோருள் 6.5 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பெறாதோருள் அது 54.7 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் இக்குழுமுறைக்குக் கையேடு வெளியிட்டது.

கடுமையான நோய்க்கு மருந்தும் தேவைப்படலாம். அதனை மருத்துவரே முடிவு செய்வார். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். மனநல உதவிக்கு 1771, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும் நெருக்கடியில் 1767 ஆகிய எண்களை அழைக்கலாம். மருந்தகத்தில் பாட்டிக்கு மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளைதான். 'நெஞ்சு கனக்கிறது' என்பதை நெஞ்சுவலி என்று மட்டும் மாற்றினால் மருத்துவர் மீண்டும் இதயத்தையே சோதிப்பார். தாத்தா மறைந்ததையும் வீடு மாறியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.