மஸ்டர் ரோலில் யார் பேர்?

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த வருஷமே சங்கம் வைக்கும் உரிமை வந்தது. சரி, சங்கம் வைத்தாச்சு. நிர்வாகம் அதோடு பேசியே ஆகணுமா?

இன்றைய புதுச்சேரிக்கு இந்தியச் சட்டம்தான். 2025 நவம்பர் வரை இருந்த 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் பதிவைப் பற்றிச் சொன்னது, அங்கீகாரம் பற்றி வாயே திறக்கவில்லை. அங்கீகாரத்துக்காக 1947இல் ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள். அமலுக்கே கொண்டுவரவில்லை! எனவே அப்போது 'எங்களுக்குத்தான் பெரும்பான்மை' என்று இரண்டு சங்கங்கள் நின்றால் கோர்ட்டுதான் என்றிருந்தது. இந்திய உணவுக் கழக வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கு நடைமுறை வகுத்துக் கொடுத்தது.

நான் படித்தவரை, உண்மையான சண்டை ஓட்டுப் பெட்டியில் இல்லை, வாக்காளர் பட்டியலில். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள ஆலையில் மஸ்டர் ரோலில் இருப்பவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கத்துக்கே தனியாகப் பேசும் உரிமை தருகிறது. அப்ரன்டிஸ் அந்தச் சட்டத்தில் 'தொழிலாளி'யே இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் பேர் கான்ட்ராக்டரின் ரோலில் இருக்கும். சேதராப்பட்டு ஆலை ஒன்றில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, அப்ரன்டிஸ் மூணு பேரும் ஒரே மெஷினில் நின்றாலும், நிர்வாகம் தன் ரோலைக் காட்டி எண்ணச் சொல்வது ஒருத்தரைத்தான்.