எழும்பூர் ‘செத்த காலேஜில்’ பல்லாவரம் கல்!

சென்னை மின்சார ரெயிலில் தினமும் பல்லாவரத்தில் ஏறி எழும்பூரில் இறங்குகிறவர்கள் ஏராளம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கால் மணி நேரம் நடந்தால் பாந்தியன் ரோடு. அங்குள்ள சிவப்புக் கட்டிடங்களுக்குள் அவர்கள் ஊரின் ஆதி கதை இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அதுதான் அரசு மியூசியம். பழைய சென்னைவாசிகள் வாயில் ‘செத்த காலேஜ்’!

1851-ல் தொடங்கிய மியூசியம் 1854-ல் இந்த இடத்துக்கு வந்தது. முதல் அதிகாரி எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். ஜனங்களை இழுக்க அவர் 1855-ல் உயிருள்ள மிருகங்களையும் இங்கேயே வைத்தார். கூட்டம் அலைமோதியது. பிறகு மிருகங்கள் சென்ட்ரல் பக்கம் இருந்த பூங்காவுக்குப் போயின. அது ‘உயிர் காலேஜ்’ ஆனது. 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்ததும் அதே மிருகக்காட்சிசாலைதான். பாடம் செய்த உருவங்களும் எலும்புக்கூடுகளும் எழும்பூரிலேயே நின்றுவிட்டன. பெயரும் நின்றுவிட்டது.

“மீனா பால் கொடுக்கும்?”

இன்றும் கூட்டம் முதலில் ஓடுவது திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்கத்தான்.

“ஆயா, இது இன்னா ஆயா?”

“மீனுடா கண்ணு. எம்மாம் பெருசு பாரு!”

பக்கத்தில் நின்ற ஊழியர் சிரித்துவிட்டார். “மீன் இல்லீங்கம்மா, திமிங்கலம். நம்மள மாதிரி மூச்சு விடும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.”

“கடல்ல கீறது பால் கொடுக்குமா? இன்னாப்பா கதை வுடுறே!”

கதை இல்லை, நிஜம். ஆனால் ஆயாவுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

திமிங்கலத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் வாசலில் ஐஸ் வாங்கப் போய்விடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்குத்தான்.

15 லட்சம் வருடம்

1863 மே 30-ந்தேதி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற மண்ணியல் அதிகாரி பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் கையால் செதுக்கிய கல்! ஆதிமனிதன் இந்த மண்ணில் வாழ்ந்தான் என்பதற்கு அது சாட்சி சொன்னது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இப்படிக் கற்கள் அகப்பட்டன. அத்திரம்பாக்கம் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருடம் என்று 2011-ல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். ஃபூட் ஆயுள் முழுக்கச் சேர்த்த கருவிகளை 1904-ல் மியூசியம் வாங்கிக்கொண்டது.

பார்த்தால் வெறும் சரளைக் கல் மாதிரிதான் இருக்கும். ஓரத்தைக் கவனித்தால் அடித்து அடித்துக் கூராக்கியது தெரியும்.

பத்து ரூபாய் சட்டம்

அடுத்தது வெண்கலச் சிலைகள். திருவாலங்காடு நடராஜர், திருவெண்காடு அர்த்தநாரீசுவரர் எல்லாம் இங்கேதான். இங்குள்ள சிலைகளில் பல, பூமியைத் தோண்டும்போது அகப்பட்டவை. படையெடுப்புக்குப் பயந்து அந்தக் காலத்தில் புதைத்தார்கள் என்பது அறிஞர்கள் கருத்து.

பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் வருடப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை ஜெயில். (பத்து ரூபாய்க்கு இன்று டீ கிடைப்பதே கஷ்டம்!) சர்க்கார் எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரவேண்டும். சிற்பியின் கைவேலைக்குக் கணக்கு இல்லை. புதையல் கண்டவனுக்குச் சபலம் தட்டுவது இங்கேதான்.

சபலம் ஜெயித்தால் என்ன ஆகும்? 1976-ல் அப்போதைய தஞ்சை மாவட்டம் பத்தூரில் மாட்டுக்கொட்டகை போடத் தோண்டியவர் கையில் நடராஜர் சிலை அகப்பட்டது. கைமாறிக் கைமாறி லண்டன் போய்விட்டது! அங்கே போலீசார் பறிமுதல் செய்தனர். கோர்ட்டில் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 1991-ல்தான் நடராஜர் ஊர் திரும்பினார். எழும்பூரில் வரிசையாக நிற்கும் சாமிகளைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். ஒரு தகவல் கலெக்டர் ஆபீசுக்குப் போகாமல் இருந்திருந்தால், இவற்றில் எத்தனை கப்பல் ஏறியிருக்குமோ!

கூரைக்குள் வானம்

எழும்பூரில் இல்லாதது நட்சத்திரங்கள். அதற்குக் கோட்டூர்புரம் போகவேண்டும். அங்கே பிர்லா கோளரங்கம் 1988-ல் திறக்கப்பட்டது. 15 மீட்டர் குறுக்களவுள்ள அரைக்கோளக் கூரை, 236 இருக்கை. தெருவிளக்கு வெளிச்சத்தில் பட்டணத்துப் பிள்ளைகள் பார்க்க முடியாத பால்வீதியைக் கோளரங்க இருட்டில் காட்டிவிடலாம்.

துருவ நட்சத்திரம்கூட நிரந்தரம் இல்லையாம். பூமியின் அச்சு, பம்பரம் தலையாட்டுகிற மாதிரி 26 ஆயிரம் வருடத்துக்கு ஒரு சுற்று ஆடுகிறது. அதனால் வடக்கைக் காட்டும் நட்சத்திரம் மாறிக்கொண்டே போகும். அத்திரம்பாக்கத்தில் கல் செதுக்கியவன் அண்ணாந்து பார்த்தது வேறு வானம்!

இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கால் கடுக்கும், பிள்ளைகள் அழும். மியூசியத்துக்கே ஒரு முழுப் பகல் வேண்டும். கோளரங்கத்துக்கு இன்னொரு நாள், காட்சி உண்டா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.