ஊற்றியது எவ்வளவு, மீன் கண்டது எவ்வளவு?

ஆலை தொடங்கவோ விரிவாக்கவோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதென்றால், மக்கள் பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. ஆலையின் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குள் பாதி அவகாசம் போய்விடும். அதனால்தான் கடைசித் தேதி நெருங்கும்போது நமக்கு வரும் கடிதங்கள் கூடுகின்றன. அண்மைக் கடிதங்களில் பல ஒரே குழப்பத்தைச் சொல்கின்றன. அறிக்கையின் ஒரு பக்கம், ஆலைக் கழிவுநீர் ‘மீன் பரிசோதனையில் தேறியது’ என்கிறது. பின்னிணைப்பில் இருக்கும் பாதுகாப்புத் தகவல் தாளோ, அதே ஆலை பயன்படுத்தும் ரசாயனம் ‘நீர்வாழ் உயிரினங்களுக்கு மிகுந்த நச்சு’ என்கிறது. இரண்டில் எது பொய் என்று கேட்கிறார்கள்.

இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். அவை இரண்டு வெவ்வேறு பரிசோதனைகளின் முடிவுகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே பலவீனம் உண்டு. கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேறியது என்றால்?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் உள்ள பொதுத் தரநிலை, ஆற்றிலோ ஏரியிலோ விடப்படும் கழிவுநீருக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. எதுவும் கலக்காத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடிருக்க வேண்டும். அறிக்கைகள் ‘உயிரியல் பரிசோதனையில் தேர்ச்சி’ என்று கம்பீரமாகச் சொல்வது இதைத்தான். நான்கு நாள் முடிவில் பத்து மீனில் ஒன்பது செவுளை அசைத்துக்கொண்டிருந்தன. அதற்கு மேல் ஒன்றும் நிரூபிக்கப்படவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து மிதந்த மீனும், மேலே வந்து வாய் பிளந்து காற்றுக்குத் தவித்த மீனும் இந்தக் கணக்கில் உயிருள்ளவையே.

பாதுகாப்புத் தாளில் இருப்பது கழிவுநீரைப் பற்றியதல்ல, தனி ரசாயனத்தைப் பற்றியது. ஓ.இ.சி.டி. எனும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 203ஆம் எண் வழிகாட்டி அதற்கு முறை வகுத்திருக்கிறது. 1981இல் வந்த அந்த வழிகாட்டி 2019இல் திருத்தப்பட்டது. வெவ்வேறு செறிவில் ரசாயனம் கலந்த தொட்டிகளில், தீனி போடாமல், 96 மணி நேரம் மீன்களை வைக்கிறார்கள். பாதி மீன்களைக் கொல்லும் செறிவு எதுவோ அதுதான் எல்.சி.50. எண் சிறிதானால் நஞ்சு கடுமை. சில அறிக்கைகள், செறிவு இதற்குக் கீழே போனாலே பாதுகாப்பு என்ற தோரணையில் எழுதுகின்றன. பாதி மீன் சாகும் அளவை எல்லைக்கோடாகக் காட்டத் துணிச்சல் வேண்டும்.

தொட்டியில் காணாமல் போகும் நஞ்சு

எல்.சி.50 எண்ணில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று, செத்த மீன்களின் எண்ணிக்கை. அதில் பெரிய தகராறு வராது. செவுள் அசைவு நின்று, வால் பக்கத்தைத் தொட்டாலும் துடிக்காவிட்டால் செத்ததென்று கணக்கு. இன்னொன்று, தண்ணீரில் இருந்த நஞ்சின் அளவு. சூட்சுமம் முழுக்க இதில்தான்.

ஆய்வக உதவியாளர் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று கணக்கிட்டு ரசாயனத்தை ஊற்றுகிறார். நான்கு நாளும் அந்த 10 மில்லிகிராம் அப்படியே தண்ணீரில் நிற்குமா? ஆவியாகக் கூடியது காற்றில் போய்விடும். தண்ணீரோடு வினைபுரிவது சில மணி நேரத்தில் வேறு பொருளாகிவிடும். எண்ணெய்த் தன்மை உள்ளது கண்ணாடிச் சுவரிலும் ரப்பர் குழாயிலும் மீனின் உடம்பிலும் ஒட்டிக்கொள்ளும். கரையும் எல்லைக்கு மேல் ஊற்றினால் மிச்சம் அடியில் படியும் அல்லது மேலே படலமாக மிதக்கும். கடைசியில் அறிக்கையில் ஏறுவது எந்த எண்? ஊற்றிய அளவையே எழுதினால் அது, பந்திக்குச் சமைத்த சோறு முழுவதையும் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் சாப்பிட்டார் என்று எழுதுவதைப் போன்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் நாளுக்குப் பாதியாகக் குறைந்துபோகும் ரசாயனம் ஒன்று. தொடக்கத்தில் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் ஊற்றிய தொட்டியில் பாதி மீன்கள் செத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய அளவின்படி எல்.சி.50 என்பது 2.5. ஆனால் நான்காம் நாள் முடிவில் தண்ணீரில் மிஞ்சியிருப்பது 0.16 மில்லிகிராம்தான். நான்கு நாளின் சராசரி சுமார் 0.85. மீன்களைக் கொன்றது இந்த 0.85.

2.5க்கும் 0.85க்கும் உள்ள வித்தியாசம் வெறும் எண் விளையாட்டல்ல. ரசாயனங்களை வகைப்படுத்தும் ஜி.எச்.எஸ். என்ற உலக முறையில், லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்றால் குறுகிய கால நீர்நச்சின் முதல் வகை. பட்ட மரமும் செத்த மீனும் வரைந்த எச்சரிக்கைச் சின்னத்தைப் போட வேண்டும். 1க்கு மேல் 10 வரை என்றால் இரண்டாம் வகை. அதற்குச் சின்னம் கிடையாது. அதே ரசாயனம், அதே தொட்டி, செத்ததும் அதே மீன்கள். எந்த எண்ணை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து டிரம்மின் மீதிருக்கும் படம் வருகிறது அல்லது மறைகிறது.

இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில்தான் சாய்கிறது என்பது அடுத்த சிக்கல். ஊற்றியதைவிடக் கூடுதலான ரசாயனம் தொட்டியில் முளைக்காது, குறையத்தான் செய்யும். ஆகவே ஊற்றிய அளவை எழுதும்போதெல்லாம் ரசாயனம் உள்ளதைவிடச் சாதுவாகவே தெரியும். உடைந்து பிறக்கும் பொருள் மூலப்பொருளைவிடக் கடுமையாக இருக்கும் அரிய நேரங்களில் மட்டும் கணக்கு வேறாகும். எண்ணெய்த் தன்மையுள்ள பொருட்களில் பிழை இன்னும் பெரிது. தண்ணீரில் நிற்க மறுக்கும் அதே குணத்தால்தான் அவை மீனின் கொழுப்பில் போய்ச் சேர்கின்றன. எவற்றைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டுமோ அவற்றுக்கே அளவுகோல் அதிகம் தளர்கிறது. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு பூச்சிக்கொல்லிகள் இந்த வகை. அது தண்ணீரில் கரைவதே லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவிலேயே மீன்கள் சாகின்றன.

ஓ.இ.சி.டி. வழிகாட்டி இதை அறியாமல் இல்லை. சோதனை முழுவதும் செறிவு, ஊற்றிய அளவில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். இல்லாவிட்டால் உண்மையில் அளந்த செறிவை வைத்தே முடிவு எழுத வேண்டும் என்கிறது. நின்ற தண்ணீரில் பொருள் தாங்காது என்றால் நாள்தோறும் தண்ணீரை மாற்றலாம், அல்லது புதுக் கரைசலைத் தொடர்ந்து ஓடவிடலாம். ஓடு நீர்ச் சோதனைக்குச் செலவு அதிகம், ரசாயனம் அதிகம், ஒவ்வொரு நாளும் தண்ணீரை அளக்கும் கருவி நேரமும் அதிகம். எது மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய அறிக்கைகளில் ‘ஊற்றிய அளவின்படி, நின்ற நீர்’ என்ற குறிப்பைப் பார்த்தால் அந்த எண்ணை அரைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அளவு திருந்தியபோது

இதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நேர்மையான உதாரணம் இருக்கிறது. சியாட்டில் வட்டார ஓடைகளில், மழை பெய்து சாலைத் தண்ணீர் வந்து கலந்ததும், முட்டையிடத் திரும்பி வந்த கோஹோ சால்மன் மீன்கள் சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. பல ஆண்டுகள் விளங்காத புதிர் அது. 2020 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் விடை வந்தது. டயர் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. கொலையாளி அதுதான். கோஹோவுக்கு எல்.சி.50 லிட்டருக்குச் சுமார் 0.8 மைக்ரோகிராம் என்று அறிவித்தார்கள்.

பிறகு அந்தப் பொருளின் தூய மாதிரி சந்தையில் கிடைத்தது. அதை வைத்து அளவுகளைத் திரும்பச் சரிபார்த்த அதே ஆய்வுக் குழுவினர், 2022இல் எண்ணைத் திருத்தினார்கள்: 0.095 மைக்ரோகிராம். எட்டு மடங்குக்கு மேல் கடுமை.  பெரும்பாலும் திருந்தியது, தண்ணீரில் எவ்வளவு இருந்தது என்று அளக்கும் கோல்தான். முதல் தர ஆய்வாளர்கள், அக்கறையோடு செய்த வேலையிலேயே இந்த அளவு நகர முடியும் என்றால், அளக்காமலே எழுதப்பட்ட எண்களை எப்படி எடுத்துக்கொள்வது?

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆய்வகங்களின் வழக்கமான மீன்களான ஜீப்ரா மீனையும் மெடாக்காவையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே 6பிபிடி-குயினோனில் வைத்துப் பார்த்தார்கள். கரையக்கூடிய உச்ச அளவிலும் அவை சாகவில்லை. அந்த இரண்டை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பொருளுக்கு நற்சான்றிதழ் கிடைத்திருக்கும்.

கழிவுநீருக்கும் இது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். கழிவுநீரில் உயிர்வளி குறைவு. மீன் மூச்சுத் திணறிச் செத்தால் நஞ்சால் செத்ததா என்று தெரியாது. அதனால் காற்றுக் குமிழ் விடுகிறார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் அதே குமிழ், ஆவியாகும் கரைப்பான்களையும் மிஞ்சிய குளோரினையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிடும். மாதிரி எடுத்த கேன் ஆய்வகத்துக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டால் மிச்சமும் போகும். ஆலைக் குழாயடியில் வசிக்கும் மீனுக்கு அந்த அவகாசம் இல்லை. அதற்குப் புதுக் கழிவு நிமிடந்தோறும் வந்துகொண்டே இருக்கிறது. அமோனியா மட்டும் எதிர்த்திசையில் போகலாம்: குமிழ் விடும்போது கரியமில வாயு வெளியேறி காரத்தன்மை கூடினால், அமோனியாவின் நச்சு வடிவம் பெருகும்.

ஆகவே ஆட்சேபத்தில் ‘மீன் பரிசோதனை பொய்’ என்று எழுதாதீர்கள். அது உங்களையே திருப்பி அடிக்கும். நான்கு விவரங்களை மட்டும் கேளுங்கள். ரசாயனத்தின் எல்.சி.50, ஊற்றிய அளவா, அளந்த அளவா? சோதனை நின்ற நீரிலா, மாற்றிய நீரிலா, ஓடு நீரிலா? கழிவுநீர் மாதிரி ஆலையின் எந்த இடத்தில், எப்போது எடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் கழித்து, குமிழ் விட்டா விடாமலா சோதிக்கப்பட்டது? எந்த மீன், எத்தனை மீன், சுத்தமான நீரில் ஒப்பீட்டுக்கு வைத்தவற்றில் எத்தனை செத்தன? பதில் இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்று பதிவாவதே கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு சாட்சி.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

பத்து மீன் போதுமா? – ஐந்தில் ஒரு மீனைக் கொல்லக்கூடிய கழிவுநீர், பத்து மீன் வைத்த சோதனையில் தேறிவிடும் வாய்ப்பு 100க்குச் சுமார் 38. இருபது மீன் வைத்தால் 21.

‘100 மி.கி.க்கு மேல்’ என்றால் நஞ்சில்லையா? – லிட்டருக்கு 1 மி.கி. கூடக் கரையாத பொருளுக்கு அப்படி எழுதியிருந்தால், 99 மி.கி. அடியில் கிடந்தது என்று பொருள்.

தேறிய நீரில் வளர்ந்த மீனைச் சாப்பிடலாமா? – இந்தச் சோதனை அதைப் பார்ப்பதே இல்லை.

மீன் குஞ்சு பொரிப்பதைப் பாதிக்குமா? – நான்கு நாளில் தெரியாது. அதற்கு நீண்ட காலச் சோதனைகள் தனியாக உண்டு.

எங்கள் ஆற்றில் விராலும் கெளுத்தியும்தானே இருக்கின்றன? – விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்; அது தாங்குவதை வைத்து மற்ற மீன்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பூச்சிமருந்து டப்பாவில் பச்சை முக்கோணம் இருந்தால் மீனுக்குப் பாதுகாப்பா? – இல்லை, அந்த நிறம் பாலூட்டி விலங்குகளில் செய்த சோதனையால் முடிவாவது.

மீனைக் கொல்லாமல் சோதிக்க முடியாதா? – ஜீப்ரா மீன் கருமுட்டைச் சோதனைக்கு 2013இலும், ட்ரௌட் மீனின் செவுள் செல்களில் செய்யும் சோதனைக்கு 2021இலும் ஓ.இ.சி.டி. வழிகாட்டிகள் வந்துவிட்டன.

அப்படியானால் நம் ஊர்க் கழிவுநீருக்கு இந்த மீன் சோதனையே வேண்டாமா? – வேண்டும், பட்டியலில் பெயரே இல்லாத ரசாயனக் கலவையைக் காட்டிக்கொடுக்க மற்ற அளவீடுகளால் ஆகாது, ஆனால் அதன் முடிவை ‘தேறியது’ என்ற ஒற்றைச் சொல்லாக ஏற்காமல், தொட்டிவாரியான பதிவேட்டோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.