போர்டோ கலவை: நேற்று கலந்த மருந்து இன்று ஏன் ஏலக்காயைக் காப்பாற்றாது?

தென்மேற்குப் பருவமழை வலுத்தால், போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களில் பெரிய பயமே அழுகல் நோய்தான். பிஞ்சுக் காய்கள் நீர் கோத்து, நிறம் மாறி, நாற்றமெடுத்து உதிர்ந்துவிடும். போடி ஏல மையத்துக்கு வர வேண்டிய காய் செடியடியிலேயே போய்விடும். பைட்டோப்தோரா என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் காரணம்.

இதைத் தடுக்க அடிப்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. 1880களில் பிரான்ஸின் போர்டோ பகுதி திராட்சைத் தோட்டங்களில் பிறந்ததால் இந்தப் பெயர். மிச்சமானதை மறுநாள் அடித்தால் பலன் குறையும். ஏன்?

துகள்தான் விஷயம்

மயில்துத்தம் தண்ணீரில் முழுசாகக் கரையும். சுண்ணாம்புப் பால் சேர்ந்ததும், அதிலுள்ள தாமிரம் கரையாத நுண்துகள்களாகிக் கூழ் போல மிதக்கும். இவை காயிலும் இலையிலும் படலமாக ஒட்டிக்கொள்ளும். மழை ஈரத்தில் தாமிரம் சிறிது சிறிதாக வெளியாகி, நோய் வித்துகளைக் கொல்லும்.

நேரம் ஆக ஆக, கூழ் மாறிப் பெரிய படிகங்களாகத் திரண்டு அடியில் தங்கும். ஸ்பிரேயர் நாசில் அடைக்கும்; ஒட்டும் தன்மையும் போய்விடும். ஒரு மழை போதும், மருந்து கழுவிக்கொண்டு போய்விடும்.

எப்படிக் கலக்கணும்?

1 சதவீதக் கலவைக்கு:

• 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்.
• 1 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தனியாக 50 லிட்டரில் கரைத்து, ஆறவிட்டு வடிகட்டவும்.
• துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்கவும்.

மாற்றி ஊற்றினாலோ, கெட்டியாகக் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்த்தாலோ துகள்கள் பெரிதாகிவிடும். இரும்புப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் டிரம் போதும்.

கத்தி டெஸ்ட்

பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால், சுண்ணாம்பில் சேராத துத்தம் மிச்சம் இருக்கு என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகும். நிறம் படியாத வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். காற்றுப்பட்டுக் கிடந்த பழைய சுண்ணாம்புக்கு வீரியம் குறைவு என்பதால் இந்த டெஸ்ட் அவசியம்.

எப்போது அடிப்பது?

அழுகிய காயை இது மீட்காது. நோய் வராமல்தான் தடுக்கும். அதனால் நோய்ப்பட்ட பாகங்களை அகற்றிவிட்டு, மழைக்கு முன்பே மே-ஜூனில் ஒருமுறை, ஆகஸ்டில் மறுமுறை அடிக்கலாம். அன்றைய தேவைக்கு மட்டும் கலந்து, அன்றே தீர்த்துவிடுங்கள்.