டை காஸ்டிங்கில் ஒரு பாகம் செய்யக் கொடுக்கும் முன்

நீங்கள் பம்ப்செட் மோட்டார் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் முதுகில் ஒயர் இணைப்புகளை மூடியிருக்குமே, அந்த டெர்மினல் பாக்ஸை இதுவரை மணல் வார்ப்பில் இரும்பால் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது அலுமினிய டை காஸ்டிங்குக்கு மாற நினைக்கிறீர்கள். எடை குறையும், வழவழப்பாக வரும், கிரைண்டிங் வேலை மிச்சம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மூன்றும் உண்மைதான்.

ஆனால் ஆயிரம் பாக்ஸ் வந்து இறங்கிய பிறகு, “பெயின்ட் ஏன் கொப்புளிக்கிறது? மரை போட்ட இடத்தில் ஏன் ஓட்டை தெரிகிறது?” என்று கேட்டால், வார்த்துக் கொடுத்தவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. காரணம் பெரும்பாலும் நீங்கள் கொடுத்த டிராயிங்கிலேயே இருக்கும். அதனால் அந்த ஒரு பாக்ஸையே கையில் வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

டை காஸ்டிங் என்றால் என்ன? இரண்டு பாதியாகப் பிரியும் எஃகு அச்சுக்குள் (இதுதான் டை) உருக்கிய உலோகத்தை மிகுந்த அழுத்தத்தில் பாய்ச்சி, உறைந்ததும் அச்சைத் திறந்து பாகத்தை வெளியே தள்ளுவது. மணலில் வார்த்தால் ஒவ்வொரு முறையும் அச்சை உடைத்தாக வேண்டும். இங்கே அதே அச்சு அலுமினியத்துக்கு லட்சம் முறை அளவுக்கும் உழைக்கும். உலோகம் அச்சை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வேகத்தால்தான் 2.5 மி.மீ. சுவர்கூட முழுதாக வார்ந்து வருகிறது. பின்னால் வரும் தொல்லைகளில் பாதிக்கும் அதே வேகம்தான் காரணம்.

வேகமாகப் பாய்ந்தால் என்ன கெடுதல்? டீ மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றும்போது நுரை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான் இங்கும். பாயும் உலோகம் அச்சுக்குள் இருந்த காற்றையும் சுருட்டிக்கொள்கிறது. அச்சைத் தொட்ட உலோகம் உடனே உறைந்து நெருக்கமான ஒரு தோலாகிவிடும். நடுவில் இருப்பது தாமதமாக உறையும். உறையும்போது சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப ஆள் இல்லாததால் அங்கே குழி விழும். சிக்கிய காற்றையும் இந்தச் சுருக்கக் குழியையும் சேர்த்துத்தான் பட்டறையில் ‘ப்ளோ ஹோல்’ (உலோகத்துக்குள் மறைந்திருக்கும் துளை) என்கிறார்கள்.

நல்ல தோல் ஏறத்தாழ அரை மி.மீ. தடிமன்தான். தோலைக் கிழிக்காதவரை உள்ளே இருக்கும் துளைகளால் பெரும்பாலும் உங்களுக்குக் கவலையில்லை. இனி சொல்லப்போகும் பல விஷயங்கள் இந்தத் தோலைக் காப்பாற்றும் வழிகள்தான்.

எந்த உலோகம் கேட்பது? நம் ஊரில் அதிகம் ஓடுவது ஏடிசி 12 என்ற அலுமினியக் கலவை. ஜப்பானியத் தரக்குறியீட்டிலிருந்து வந்த பெயர். இதில் சிலிக்கான் 9.6 முதல் 12 சதவீதம் வரை, செம்பு 1.5 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும். சிலிக்கானால் உலோகம் நன்றாக ஓடி மூலை முடுக்கெல்லாம் நிறையும், செம்பால் வலு கூடும். அதே செம்பு அரிப்பையும் கொஞ்சம் வரவழைக்கும். கடலோரத்துக்கு அனுப்பும் மோட்டார் என்றால், செம்பு மிகக் குறைவாக உள்ள எல்எம் 6 கலவையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். மற்றபடி டெர்மினல் பாக்ஸுக்கு ஏடிசி 12 போதும்.

சுவர் எவ்வளவு தடிமன் வேண்டும்? மணல் வார்ப்பில் பழகிய கை, வலு வேண்டும் என்றால் தடிமனைக் கூட்டும். டை காஸ்டிங்கில் அதைச் செய்யாதீர்கள். தடித்த இடம் கடைசியில் உறையும், குழி அங்கேதான் விழும். சுவரைச் சீராக 2 முதல் 3 மி.மீ. வைத்து, வலுவுக்கு உள்பக்கம் மெல்லிய ரிப் (தாங்கு வரி) கொடுங்கள். மூலைகளில் திருகு இறங்கும் பாஸ் (திருகைத் தாங்கும் குமிழ்) இருக்குமே, அதைக் கெட்டியான தூணாக விடாமல், துளையோடு வார்க்கச் சொல்லுங்கள். சுவர் சேரும் மூலைகளையெல்லாம் குறைந்தது ஒன்றரை மி.மீ. வளைவாக்குங்கள். கூரான மூலையில் பாகமும் விரிசல் விடும், அச்சும் விரிசல் விடும். அச்சு உங்கள் காசில் செய்ததாயிற்றே.

செங்குத்தான சுவர் வரைந்தால் என்ன? அச்சிலிருந்து பாகம் கழலாது. இட்லித் தட்டின் குழி ஏன் விளிம்பை நோக்கி விரிந்திருக்கிறது என்று யோசியுங்கள். இங்கே அந்தச் சரிவுக்கு டிராஃப்ட் (பாகம் கழல்வதற்கான சாய்வு) என்று பெயர். அலுமினியத்துக்கு 1 முதல் 2 டிகிரி வரை கேட்பார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கி உள் அச்சைக் கவ்விப் பிடிப்பதால், உட்சுவருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

ஒன்றரை டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். 60 மி.மீ. ஆழமுள்ள பாக்ஸில் அது ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகும். வாய்க்கும் அடிக்கும் அகலத்தில் 3 மி.மீ. வித்தியாசம். உள்ளே உட்காரும் டெர்மினல் போர்டு, மேலே மூடும் மூடி எல்லாவற்றின் அளவும் இதனால் மாறும். நீங்கள் சாய்வைப் போடாமல் கொடுத்தால் அச்சு செய்பவர் தன் வசதிக்குப் போட்டுக்கொள்வார். அது உங்களுக்குத் தெரியவருவது மூடி பொருந்தாத அன்றுதான்.

வெளியே தடம் தெரியுமா? தெரியும். கொழுக்கட்டை அச்சை மூடி எடுத்தால் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கிறதல்லவா, அதேபோல் காஸ்டிங்கிலும் பார்ட்டிங் லைன் (அச்சுப் பாதிகள் சேரும் கோடு) நிற்கும். அதன் வழியே பிதுங்கும் மெல்லிய தகடு பிளாஷ். பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் எஜெக்டர் பின் (தள்ளுகம்பி) ஒவ்வொன்றும் ஒரு வட்டத் தடத்தை விடும். உலோகம் நுழைந்த வாயை உடைத்தெடுத்த இடமும் தெரியும்.

இவற்றை ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். டிராயிங்கில் வெளிமுகத்தை வண்ணத்தால் குறித்து, “இங்கே தடம் கூடாது” என்று எழுதிவிடுங்கள். அச்சு செய்பவர் பின்களை பாக்ஸின் உள்பக்கத்துக்கும், கோட்டை மூடி மறைக்கும் விளிம்புக்கும் கொண்டுபோய்விடுவார். அச்சு வெட்டும் முன் இதற்கு ஐந்து பைசா செலவில்லை. வெட்டிய பின் சொன்னால், ஒவ்வொரு பாக்ஸையும் ஒருவர் உட்கார்ந்து தேய்க்க வேண்டும், காலம் முழுக்க.

ஒயர் நுழையும் பக்கவாட்டுத் துளையை வார்ப்பிலேயே கொண்டுவரலாமா? கொண்டுவரலாம். ஆனால் அதற்கு அச்சில் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடு (இழுத்தெடுக்கும் துண்டு) வேண்டும். அச்சின் விலை கூடும், பராமரிப்பும் கூடும். மாதம் சில நூறு பாக்ஸ்தான் என்றால் துளையைப் பிறகு டிரில் செய்வதே லாபம்.

அளவு எவ்வளவு துல்லியமாக வரும்? வட அமெரிக்க டை காஸ்டிங் சங்கத்தின் சாதாரணத் தரத்தில் 25 மி.மீ. வரையுள்ள அலுமினிய அளவுக்கு கூட்டல் கழித்தல் 0.25 மி.மீ. அச்சுப் பாதிகளுக்குக் குறுக்கே போகும் அளவு இன்னும் தளர்வாக இருக்கும். எல்லா அளவுக்கும் இறுக்கமான டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் கூடுதல் குறைவு) போட்டுக் கொடுப்பது காசை வாரி இறைப்பது. உண்மையிலேயே பொருந்த வேண்டிய இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் கேளுங்கள்.

அடுத்தது மெஷினிங். அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இதுதான். மணல் வார்ப்புப் பழக்கத்தில், கேஸ்கெட் உட்காரும் முகத்துக்கு 2 மி.மீ. சீவுவதற்கென்று விட்டுவிடுவார்கள். டை காஸ்டிங்கில் 2 மி.மீ. சீவினால் தோல் முழுதாகப் போய், உள்ளே ஒளிந்திருந்த துளைகளெல்லாம் வெளியே வந்து நிற்கும். அதன் வழியே தண்ணீர் போகும். சீவியே ஆக வேண்டும் என்றால் 0.3 முதல் 0.5 மி.மீ. மட்டும் விடுங்கள். என்னைக் கேட்டால், மெத்தென்ற ரப்பர் கேஸ்கெட் போடும் பாக்ஸுக்கு மெஷினிங்கே வேண்டாம். வார்த்த முகமே போதும்.

மரைக்கும் இதே கணக்குதான். கெட்டியான பாஸில் டிரில் போட்டால் டிரில் நேராகத் துளைகளுக்குள் போய் நிற்கும். துளையை வார்ப்பிலேயே எடுத்தால் துளையின் சுவரிலும் தோல் இருக்கும். அதில் ஃபார்ம் டேப் (உலோகத்தைச் சீவாமல் அழுத்தியே மரை உண்டாக்கும் டேப்) போட்டால் தோலும் தப்பும், மரையும் உறுதியாக இருக்கும், சீவலைச் சுத்தம் செய்யும் வேலையும் இல்லை.

அப்படியும் ஒழுகினால்? இம்ப்ரெக்னேஷன் (வெற்றிடத்தில் வைத்து, துளைகளுக்குள் பிசினை ஏற்றி இறுக வைப்பது) என்று ஒரு வழி உண்டு. மெஷினிங் முடிந்த பிறகு, பெயின்டுக்கு முன்னால் செய்ய வேண்டும். வரிசை மாறினால் பயனில்லை. நுண்துளைகளுக்கு இது நல்ல மருந்து. கண்ணுக்குத் தெரியும் ஓட்டைக்கு அல்ல.

இனி பூச்சு. அச்சிலிருந்து வந்ததும் பிளாஷைத் தட்டி எடுத்து, ஷாட் பிளாஸ்டிங் (சிறு குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பைச் சீராக்குவது) செய்வார்கள். இதில் இரண்டு எச்சரிக்கை. அளவுக்கு மீறி அடித்தால் தோல் கிழிந்து துளைகள் திறக்கும். சாதாரண எஃகுக் குண்டு அடித்தால் அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து, சில வாரத்தில் துருப்புள்ளியாக எட்டிப் பார்க்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது அலுமினியக் குண்டு கேளுங்கள்.

பவுடர் கோட்டிங் ஏன் கொப்புளிக்கிறது? பவுடர் இளகி இறுக அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பூச்சைத் தூக்கும். கோட்டிங் போடுபவரைத் திட்டிப் பயனில்லை, அவர் அடுப்பில் வைத்தார், அவ்வளவுதான். குறைந்த சூட்டில் இறுகும் பவுடர் ஓரளவு உதவும். பூச்சு தகடாக உரிந்து வந்தால் அது வேறு கதை. அச்சில் பாகம் ஒட்டாமலிருக்க அடிக்கும் மருந்தின் எண்ணெய்ப் பசை சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றும் மறந்துபோகும். பூச்சு 60 முதல் 80 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) ஏறும். மரைத் துளைகளை மூடி மறைக்காவிட்டால் திருகு இறங்காது. எர்த் ஒயர் இணைக்கும் இடத்தில் பூச்சு இருந்தால் மின்சாரம் பூமிக்குப் போகாது. இது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த இடத்தை மறைத்துவிட்டுப் பூசச் சொல்லி டிராயிங்கிலேயே எழுதுங்கள்.

ஜன்னல் சட்டம்போல் பளிச்சென்று அனடைசிங் (மின்சாரத்தால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) செய்ய முடியாதா? ஜன்னல் சட்டத்தின் அலுமினியத்தில் சிலிக்கான் ஒரு சதவீதம்கூட இருக்காது. ஏடிசி 12-இல் பத்து மடங்குக்கு மேல். அதனால் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகத்தான் வரும். பளபளப்பு வேண்டும் என்றால் துத்தநாகக் கலவைக்குப் போக வேண்டும். செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காக அதன்மேல் அழகாக முலாம் ஏறும். கதவுக் கைப்பிடி, குழாய்த் தலை எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்தக் கலவைக்கு ஜமாக் என்று பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-இல் கொண்டுவந்தது. துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்த பெயர். அந்தக் காலத்துத் துத்தநாகப் பொம்மை கார்கள் பல, சில ஆண்டுகளில் தானாகவே வெடித்து உதிர்ந்தன. உலோகத்தில் கலந்த துளி ஈயம்தான் காரணம். விலை குறைகிறது என்று யாராவது பழைய துத்தநாகக் கழிவைக் கலந்து வார்த்துத் தந்தால் இன்றும் அதுவே நடக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது, அச்சு யாருடையது என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள். காசு நீங்கள் கொடுத்திருந்தாலும், நாளை வேறு இடத்துக்கு மாற நினைக்கும் அன்றுதான் அச்சை எடுத்துச் செல்ல முடியுமா என்ற கேள்வி வரும். அச்சு வயதாக ஆக அதன் முகத்தில் நுண்ணிய வெப்ப விரிசல் விழும், அது பாக்ஸின் மேல் சிலந்தி வலைபோல் மெல்லிய வரிகளாகப் பதியும். எத்தனை ஷாட்டுக்குப் (ஒரு முறை வார்ப்பது ஒரு ஷாட்) பின் அச்சைச் சரிசெய்வது, அந்தச் செலவு யாருடையது என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

முதல் மாதிரி வந்ததும் அளவு மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பாக்ஸைப் பாஸின் நடுவாக ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள். குழி எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே தெரியும். இன்னும் சிலவற்றைப் பூச்சில்லாமல் கோட்டிங் அடுப்பில், அதே சூட்டில், அதே நேரம் வைத்து எடுங்கள். கொப்புளிக்கப் போவது அங்கேயே கொப்புளித்துவிடும். பிறகு மூடியைத் திருகி முடுக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, துளை வழியே காற்றுக் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்த்து ஒரு நாள் வேலைதான். ஆயிரம் பாக்ஸுக்குச் சரி சொல்வது அதற்கு அடுத்த நாள்.