கம்பியில் சுட்ட கறிக்குத் தமிழில் என்ன பெயர்?

காரைக்காலை அடுத்த கடற்கரை ஊர் திருவேட்டக்குடி. ஞானசம்பந்தர் பாடிய சிவன் கோயில் இங்கே இருக்கிறது. அர்ச்சுனனுக்கு அருள் புரிய, சிவபெருமான் வேடனாக வந்தார் அல்லவா? அந்த வேடக் கோலத்தை இந்தக் கோயிலில் காணலாம்.

வேடன் என்றதும் ஒரு கேள்வி எழுகிறது. காட்டில் திரிந்தவனுக்குச் சட்டி ஏது, பானை ஏது? வேட்டையாடிய கறியை எப்படிச் சமைத்தான்?

கோலில் கோத்து, நெருப்பில் காட்டிச் சுட்டான். கண்ணப்ப நாயனாரும் அப்படித்தான் பன்றிக் கறியைச் சுட்டு இறைவனுக்குப் படைத்தார் என்கிறது சேக்கிழாரின் பெரிய புராணம்.

கரிகாலன் விருந்து

காட்டில் மட்டுமல்ல, அரண்மனையிலும் இந்தச் சமையல் உண்டு.

கரிகால் சோழனைப் பாடும் சங்க நூல் பொருநராற்றுப்படை. பாடியவர் முடத்தாமக்கண்ணியார். ஏட்டுச் சுவடியில் கிடந்த இந்தப் பாட்டை, 1889-ல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டோடு சேர்த்து அச்சிட்டார்.

பசியோடு வந்த பொருநனுக்கு மன்னன் விருந்து வைக்கிறான். கம்பியில் சுட்ட கொழுத்த கறித் துண்டுகள்! சூடு தாங்கவில்லை. வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்கிறான். இரவும் பகலும் தின்றதில், நிலத்தை உழுது தேய்ந்த கொழுவைப் போல அவன் பல்லே மழுங்கிவிட்டதாம்!

அந்தக் கம்பிக்குப் புலவர் சொல்லும் பெயர்தான் 'காழ்'.

காழ் என்றால் என்ன?

மரத்தின் நடுவே உறுதியாக இருக்கும் வயிரத்துக்குக் காழ் என்று பெயர். உறுதியான கோலுக்கும் இரும்புக் கம்பிக்கும் அதே பெயர் உண்டு.

மற்ற மொழிகளிலும் கம்பிதான் கறிக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. துருக்கியரின் 'ஷிஷ் கபாப்' உணவில், 'ஷிஷ்' என்பது கம்பி. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 'புரோஷெத்' என்பார்கள். அதற்குச் சிறிய கம்பி என்று பொருள். வடமொழியில் சூலத்தில் சுட்ட கறி 'சூல்யம்'.

இன்று நம் ஊர் ஓட்டல் பலகைகளில் 'கபாப்' இருக்கிறது, 'காழ்' இல்லை. ஆனால் அந்தச் சொல் அடியோடு மறைந்துவிடவில்லை. மனத்துக்குள் இறுகிப்போன பகையைக் 'காழ்ப்பு' என்கிறோமே, அது இதே குடும்பத்துச் சொல்தான்!

விருந்தின் சொல்லை மறந்தோம். வெறுப்பின் சொல்லை வைத்துக்கொண்டோம். அடுத்த முறை கம்பியில் சுட்ட கறியோ மீனோ இலைக்கு வந்தால், 'இது காழில் சுட்டது' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.