இரண்டு நாள் ஷட்டரை இறக்கினால் என்ன?

மளிகைக் கடைக்காரருக்கு லீவு ஏது? பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் போட்டால், அன்று இரவும் ஞாயிறும் நமக்கு மூச்சு விட நேரமிருக்காது. மற்ற நாட்களில் வியாபாரம் மந்தமாக இருந்தாலும் கடையை மூட மனம் வராது. நாம் மூடினால் பக்கத்துக் கடைக்காரர் திறந்திருப்பாரே என்ற பயம்!

நானும் முப்பத்தைந்து ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். கடலைப் பார்க்க வேண்டும் என்று என் துணைவியார் கேட்கும்போதெல்லாம் "தீபாவளி சீசன் முடியட்டும்" என்பேன். எத்தனையோ தீபாவளி முடிந்தது. அதற்குள் அவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது.

சென்ற ஆடியில் ஒரு புதன்கிழமை துணிந்து கிளம்பினோம். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அல்ல, தரங்கம்பாடிக்கு. கோவையிலிருந்து மயிலாடுதுறை செல்லும் ஜன சதாப்தி ரயில் திருப்பூரில் நிற்கிறது. செவ்வாய் தவிர எல்லா நாளும் உண்டு. காலையில் ஏறினால் மதியம் மயிலாடுதுறை. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பஸ் பயணம். மறுநாள் மதியம் அதே ரயிலில் திரும்பினால் இரவு வீட்டில் படுக்கலாம்.

அமைதியான சிறிய ஊர். கடலோரத்தில் இருக்கும் டேனிஷ் கோட்டையைக் கட்டியவர்களும் வியாபாரிகள்தான். மிளகு வாங்க வந்த டென்மார்க் கம்பெனியார், 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கட்டினார்கள். வங்காளத்திலிருந்த செராம்பூரையும் சேர்த்து, 1845-ல் 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. சரக்கு அந்தப் பக்கம் போனது. தரங்கம்பாடித் துறைமுகம் அடங்கிவிட்டது. இருநூறு ஆண்டுக்கு மேல் நடந்த கடையே ஒருநாள் மூடப்பட்டதை அங்கே பார்த்தேன். என் கடை இரண்டு நாள் மூடியிருப்பது பெரிதாகத் தோன்றவில்லை.

பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் ஒரு பகுதியைக் கடலே கொண்டுபோய்விட்டது. அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு துணைவியார் கணுக்கால் நீரில் வெகுநேரம் நின்றார். "இன்னும் பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் உள்ளே இறங்கியிருப்பேன்" என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

சரி, கடை என்னவாயிற்று? ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதி வைத்தேன். ஓட்டல்காரர்களுக்கு இரண்டு நாள் சரக்கை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். ஒரே ஒருவர் வேறு கடையில் வாங்கினார். அவரும் அடுத்த வாரம் திரும்பி வந்துவிட்டார். கடைப் பையன்கள் சொந்த ஊருக்குப் போய்த் தெளிந்த முகத்துடன் வந்தார்கள்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்ற தொழில் நகரத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஜூலை மாதம் வந்தால் ஆலைகளும் பட்டறைகளும் ஒன்றாக மூடப்படும். தொழிலாளர் குடும்பங்கள் நீராவிப் படகில் ஏறி, ரோத்சே, டனூன் போன்ற அருகிலுள்ள சிறிய கடலோர ஊர்களுக்குப் போய்த் தங்குவார்கள். எல்லோரும் சேர்ந்து மூடியதால் போட்டியாளர் முந்திவிடுவார் என்ற பயம் யாருக்கும் இல்லை.

அவர்களுடைய ஜூலைதான் நம்முடைய ஆடி. ஆடி மந்தத்தில் நாமும் வீதிவாரியாக முறை வைத்து, வாரத்தின் நடுவில் இரண்டு நாள் சேர்ந்து மூடினால் என்ன? இந்த வாரம் ஒரு வீதி, அடுத்த வாரம் அடுத்த வீதி. பொதுமக்களுக்கும் சிரமம் இராது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவோம். அதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்கள் எத்தனை சீசனாகக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியவரும்.